நுரையீரல் சுருங்கிய தம்பிக்கு உடனே குழாய் போட வேண்டுமா, காத்திருக்கலாமா?

தாமிரபரணிக்காரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 21. ஆறடிக்கு மேல் உயரம், மிகவும் ஒல்லியான உடல். கோவையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். அண்மையில் ஒருநாள் விடுதி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது வலப்பக்க மார்பில் திடீரெனக் குத்தும் வலி வந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அது தோள்பட்டை வரை ஏறியிருக்கிறது. பக்கத்திலிருந்த சிறு மருத்துவமனை ஒன்றில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை, வாய்வுப் பிடிப்புதான் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வலி பெருமளவு தணிந்துவிட்டதால் அவனும் அதை நம்பிவிட்டான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று தொலைபேசியில் சொன்ன பிறகுதான் ஊருக்கு வரவழைத்து எக்ஸ்ரே எடுத்தோம். வலப்பக்க நுரையீரல் சுருங்கி, அதற்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று கோத்திருப்பது அதில் தெரிந்தது. அடி எதுவும் படவில்லை. ஆஸ்துமாவோ காசநோயோ இதற்கு முன் இருந்ததில்லை.

எங்கள் குழப்பம் அதற்குப் பிறகு தொடங்கியது. படத்தைப் பார்த்த அறுவை மருத்துவர், இடைவெளி மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது, இன்றே விலா இடுக்கில் குழாய் போட வேண்டும் என்றார். நாங்கள் அடுத்து அணுகிய நுரையீரல் மருத்துவரோ, சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்து, மறுபடியும் எக்ஸ்ரே எடுத்து, காற்று கூடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வலி மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆக்சிஜன் அளவு 97 காட்டுகிறது. தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான், நடக்கிறான். ஆனால் நுரையீரல் சுருங்கிக் கிடக்கிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது எந்த ஊர் வைத்தியம் என்று மாமா கேட்கிறார். அம்மாவுக்கு உறக்கமே இல்லை. இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வதை நாங்கள் கேட்பது? எந்த அறிகுறி தெரிந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? இது மறுபடியும் வருமா? அவன் புகைபிடிப்பான் என்பதும் இப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

மூச்சுக்காற்று (நுரையீரல் மருத்துவர், மதுரை):

சகோதரிக்கு வணக்கம். படத்தையும் தம்பியையும் நேரில் பார்த்தவர் சொல்வதே முடிவானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு மருத்துவர்களுமே தவறாக எதையும் சொல்லிவிடவில்லை. முதலாமவர் சொன்னது நாங்கள் எல்லோரும் பல்லாண்டுகளாகச் செய்துவந்தது. இரண்டாமவர் செய்தது கடந்த சில ஆண்டுகளில் வலுப்பெற்றிருக்கும் முறை. உங்கள் தம்பியைப் போன்ற ஒருவருக்கு நானும் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நுரையீரலின் மேலுறைக்கும் மார்புச் சுவரின் உள்ளுறைக்கும் நடுவே இருப்பது பெயரளவுக்கு ஓர் இடைவெளி. அங்கே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. நுரையீரல் இயல்பாகவே உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கும். மார்புக்கூடு வெளிநோக்கி விரியப் பார்க்கும். இந்த இரு இழுப்புக்கும் நடுவே உண்டாகும் குறை அழுத்தம்தான் நுரையீரலை விரித்து வைத்திருக்கிறது. நுரையீரலின் உச்சியில் இருக்கும் சிறு காற்றுக் கொப்புளம் ஒன்று உடைந்து காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்ததும் பிடிப்பு போய், நுரையீரல் தன் இயல்புப்படி சுருங்கிவிடுகிறது. நிமோதோராக்ஸ் என்று உங்கள் சீட்டில் எழுதியிருப்பது இதைத்தான். உயரமான, ஒல்லியான இளைஞர்களின் நுரையீரல் உச்சியில் இழுவிசை மிகுதி என்பதால் அங்கே கொப்புளங்கள் தோன்ற வாய்ப்பு கூடுதல். புகைப்பழக்கம் அதைப் பன்மடங்காக்குகிறது: புகைபிடிக்காத ஆணுக்கு வாழ்நாளில் இது வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால், புகைபிடிப்பவருக்கு நூற்றில் பன்னிரண்டு வரை போகிறது. ஓடும்போதும் பளு தூக்கும்போதும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் வருகிறது.

முதல் மருத்துவமனையில் இது தவறிப்போனதற்கும் ஒரு காரணம் உண்டு. கூர்மையான வலி பலருக்கு ஒரு நாளுக்குள் தானே மங்கிவிடும், நுரையீரல் சுருங்கியபடியே இருந்தாலும்கூட. எனவே ஊசி போட்டதால் வலி போனது என்று தோன்றிவிடுகிறது. நம் பக்கத்தில் நெஞ்சுவலி என்றால் ஒன்று மாரடைப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் வாய்வாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களிடம்கூட இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் வலி, மூச்சை இழுத்தால் கூடுகிறது, வந்தவர் ஒல்லியான இளைஞர் என்றால், இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். பாதிக்கப்பட்ட பக்கத்தில் மூச்சொலி குறைந்திருக்கும். விரலால் தட்டினால் அந்தப் பக்கம் கூடுதலாக ஒலிக்கும். காற்று கொஞ்சமாக இருந்தால் இவை தெரியாமலும் போகலாம் என்பதால் நின்றநிலையில் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுவதே பாதுகாப்பு. படுத்த நிலையில் எடுத்த படத்தில் காற்று முன்பக்கமாக ஏறிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது அல்ட்ராசவுண்ட் வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். மூச்சோடு சேர்ந்து நுரையீரல் உறை வழுக்கிச் செல்வது திரையில் தெரியவில்லை என்றால் ஐயம் எழும்.

இனி அளவைப் பற்றி. அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நுரையீரலின் உச்சியில் அளந்து மூன்று சென்டிமீட்டரை எல்லையாக வைத்தது; பிரித்தானிய நெஞ்சக மருத்துவச் சங்கம் 2010-இல் நுரையீரலின் நடுப்பகுதியில் அளந்து இரண்டு சென்டிமீட்டரை எல்லையாக வைத்தது. ஒரே படம் ஒரு கணக்கில் பெரியது, மற்றொரு கணக்கில் சிறியது என்று வருவதுண்டு. அதே பிரித்தானியச் சங்கம் 2023-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அளவை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது. நோயாளிக்கு எவ்வளவு தொல்லை இருக்கிறது, ஆபத்துக்கான கூறுகள் ஏதேனும் உண்டா என்பவைதாம் இப்போது முதல் கேள்விகள். ஊசியோ குழாயோ பாதுகாப்பாக நுழைய இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அளவு பயன்படுகிறது.

இந்த மாற்றத்துக்குப் பெரிதும் காரணமானது, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரை வைத்து நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு. அதில் இடம்பெற்ற எல்லோரும் 14 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள். முதன்முறையாக ஒருபக்கம் மட்டும், அதுவும் சிறிதாக அல்லாமல் கணிசமாகவே சுருங்கியவர்கள். ஒரு பாதியினருக்கு உடனே குழாய் போடப்பட்டது. மறு பாதியினரைக் குறைந்தது நான்கு மணி நேரம் கண்காணித்து, மறுபடியும் படம் எடுத்து, ஆக்சிஜன் உதவியின்றி இயல்பாக நடக்க முடிகிறதென்றால் வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் நுரையீரல் மருத்துவர் ஏறத்தாழ இதையே பின்பற்றியிருக்கிறார். காத்திருந்தவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குக் கடைசிவரை குழாயே தேவைப்படவில்லை. எட்டு வாரத்தில் நுரையீரல் முழுதும் விரிந்தவர்கள் குழாய் போட்ட குழுவில் 98.5 விழுக்காடு, காத்திருந்த குழுவில் 94.4 விழுக்காடு. ஓராண்டுக்குள் மறுபடியும் வந்தது குழாய் போட்டவர்களில் 16.8 விழுக்காட்டினருக்கு, காத்திருந்தவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கே. எட்டாவது வாரத்தில் படம் எடுக்க வராமல் போனவர்கள் சிலர் இருந்ததால் முதல் முடிவின் உறுதியைக் கேள்வி கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. ஆயினும் காத்திருந்தவர்களுக்குக் கேடு கூடிவிடவில்லை, சிக்கல்கள் குறைவாகவே இருந்தன என்பதில் ஐயமில்லை.

நுரையீரலைச் சில காலம் சுருங்கியபடியே விட்டுவிட்டால், உடைந்த இடத்தின் விளிம்புகள் ஒட்டிக்கொண்டு ஆற வாய்ப்புக் கிடைக்கிறது, அவசரமாக விரித்தால் அந்த ஓட்டை மறுபடியும் இழுபடுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒரு நுரையீரல் சுருங்கினால் உயிரே போய்விடும் என்று அஞ்சும் மாமாவுக்கு ஒன்று சொல்லுங்கள்: காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், இத்தாலியரான ஃபோர்லானினி வகுத்த முறைப்படி, நோயுள்ள நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக மருத்துவர்களே ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி அதைச் சுருக்கி வைத்தார்கள், 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகுதான் அது படிப்படியாக மறைந்தது.

சிக்கிய காற்று தானாக இரத்தத்தில் கரைந்து வெளியேறும். ஆனால் மெதுவாக: ஒரு நாளைக்கு அந்தப் பக்க மார்பறையின் கொள்ளளவில் ஒன்றேகாலிலிருந்து இரண்டேகால் விழுக்காடு வரை. பாதியளவு சுருங்கிய நுரையீரல் விரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அடுத்த படத்தில் பெரிய மாற்றம் இல்லையென்று கலங்க வேண்டாம்.

ஓட வேண்டிய நேரம் எது என்று கேட்டீர்கள். மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போவது, மாத்திரைக்கும் அடங்காத வலி, உதடு நீலம் பாய்வது, தலைசுற்றி மயக்கம் வருவது, நாடி மிக வேகமாக ஓடுவது, வீட்டில் வைத்திருக்கும் ஆக்சிமீட்டரில் அளவு தொடர்ந்து இறங்குவது, மறுபக்க மார்பிலும் வலி தொடங்குவது ஆகிய இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சொந்த வாகனத்தைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். சிலருக்கு ஓட்டை ஒருவழிக் கதவாக மாறி, காற்று உள்ளே போவதும் வெளியே வராததுமாகி, இதயத்தையே ஒருபக்கம் தள்ளிவிடும். அரிதாகவே நேர்ந்தாலும் நிமிடங்களில் உயிரைக் குடிக்கக்கூடியது அது. அந்த நிலையில் நாங்கள் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்காமல் உடனே ஊசி வழியாகக் காற்றை இறக்குவோம். மருத்துவமனையை விரைவில் சென்றடைய முடியாத தொலைவில் வீடு இருந்தால் காத்திருக்கும் முறை பொருந்தாது. அதை உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இயற்கைவழி:

சகோதரி, நுரையீரல் விரிவதற்குப் பலூன் ஊதச் சொல்லுங்கள். தினமும் காலையில் பிராணாயாமமும் செய்யட்டும். என் உறவினர் ஒருவருக்கு நுரையீரலில் நீர் எடுத்தபோது மூன்று பந்து உள்ள கருவியைக் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள், நன்றாகப் பயன் தந்தது. அதையும் வாங்கிக் கொடுக்கலாம்.

மூச்சுக்காற்று (நுரையீரல் மருத்துவர், மதுரை):

நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் இவருக்கு இப்போது வேண்டாம். உங்கள் உறவினருக்குக் கோத்தது நீர். இங்கே காற்று கசிந்த ஓட்டை இன்னும் ஆறியிருக்கும் என்ற உறுதி இல்லை. மூச்சை அடக்கி வைப்பதும் பலூன் ஊதுவதும் மார்புக்குள் அழுத்தத்தைக் கூட்டுபவை. பந்துக் கருவி பெரும்பாலும் குழாய் போட்ட பிறகும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் மருத்துவர் சொல்லித் தொடங்குவது. இப்போதைக்கு இயல்பாக நடப்பதே போதும். பளு தூக்குவதும் உடல் மோதும் விளையாட்டுகளும் மட்டும் கூடாது.

உறையூரான்:

எனக்கு இதே நோய் கல்லூரி நாள்களில் வந்தது, பிறகு அதே பக்கத்தில் மறுபடியும் வந்தது. முதன்முறை எனக்குக் குழாய் போட்டார்கள். உங்கள் தம்பிக்கு ஒருவேளை அது தேவைப்பட்டால் அம்மா அஞ்சாமல் இருக்கும்படி, அது எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன். அக்குளுக்குச் சற்றுக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே குழாயை நுழைத்துத் தைத்துவிடுவார்கள். நுழைக்கும்போது பெரிய வலி இல்லை, அழுத்தம்தான் தெரியும். பின்பு நுரையீரல் விரிந்து உறையோடு வந்து உரசும்போதுதான் உண்மையான வலி. அதற்குத் தயங்காமல் மாத்திரை கேட்டு வாங்க வேண்டும். குழாயின் மறுமுனை, அடியில் தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும். இருமினால் குமிழி வரும். மூச்சு விடும்போது குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். குமிழி நின்று, படத்திலும் நுரையீரல் விரிந்திருந்தால்தான் குழாயை எடுப்பார்கள்.

உடனிருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. பாட்டிலை ஒருபோதும் மார்பு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது; தூக்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும். குமிழி வந்துகொண்டிருக்கும்போது, கழிவறைக்குப் போகவோ படமெடுக்கவோ குழாயைக் கிளிப் போட்டு அடைக்கக் கூடாது. வெளியேற வழியில்லாமல் காற்று உள்ளேயே சேர்ந்து மேலே மருத்துவர் சொன்ன ஆபத்தில் கொண்டுபோய் விடும். பார்க்க வந்த உறவினர் ஒருவர் என் பாட்டிலைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அதன் இடத்தில் தாம் உட்கார முயன்றார், செவிலியர் வந்து போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

இரண்டாம் முறை வந்தபோது, ஒரே பக்கத்தில் மறுபடியும் வந்தால் அறுவைச் சிகிச்சையே மேல் என்றார்கள். சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்தி, கொப்புளம் இருந்த பகுதியை ஸ்டேப்ளர் போன்ற கருவியால் வெட்டி மூடி, மார்புச் சுவரின் உள்ளுறையைத் தேய்த்துப் புண்ணாக்கி நுரையீரலை அதோடு ஒட்டச் செய்தார்கள். துளைகள் போட்ட இடத்தில் பல மாதங்கள் மரமரப்பு இருந்தது. அதற்குப் பிறகு நோய் வரவில்லை, சிகரெட்டையும் தொடவில்லை.

வடமராட்சித் தாதி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பணிபுரிகின்றேன். மேலே வைத்தியர் எழுதியவற்றை வாசித்துவிட்டு, வயது முதிர்ந்த தந்தையையோ தாயையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் எவரும் காத்திருக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன். நீண்டகாலம் புகைபிடித்து நுரையீரல் பழுதடைந்தவர்கள், காசநோய் வந்து தழும்பு உள்ளவர்கள், நுரையீரலில் வேறு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வருமானால் அது வேறு கதை. அவர்களுக்குச் சேமிப்பில் மூச்சு மிகக் குறைவு. படத்தில் விரலளவு காற்றுத் தெரிந்தாலும் அவர்கள் திணறிப் போவதை வார்டில் பார்த்திருக்கின்றேன். அத்தகையோரை வைத்தியசாலையில் அனுமதிக்கவே வேண்டும். ஏற்கெனவே மூச்சுத்திணறல் உள்ளவர் என்பதால், வழமையான இழுப்புத்தான் கூடிவிட்டது என்று நெபுலைசர் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே நேரம் போக்குகின்றார்கள். வழமையான மருந்துக்கு அடங்காமல் திடீரெனத் திணறல் கூடினால் இலங்கையில் 1990-ஐ அழையுங்கள், ஒரு எக்ஸ்றே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெரிய காற்றுக் கொப்புளம் உள்ளவர்களின் படம் நிமோதோராக்ஸ் போலவே தோற்றமளிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்கின்றேன். அதற்குள் குழாயைச் செலுத்திவிட்டால் இல்லாத ஓட்டையை உண்டாக்கியதாகிவிடும். ஆகவே அத்தகையோருக்கு வைத்தியர் சி.டி. ஸ்கேன் கேட்டால் அதைத் தேவையற்ற செலவு என்று மறுக்காதீர்கள்.

தாமிரபரணிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பக்கத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு ஆக்சிமீட்டரைப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார். அருகிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதால் காத்திருப்பதென்றே முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள். தம்பிக்குத் தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும், விமானத்தில் போகலாமா? நானும் ஒல்லிதான், உயரம்தான். எனக்கும் இது வருமா?

மூச்சுக்காற்று (நுரையீரல் மருத்துவர், மதுரை):

காற்று முழுதும் போய்விட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியாகும்வரை விமானப் பயணம் கூடவே கூடாது. உறுதியான பிறகும் குறைந்தது ஏழு நாள் பொறுக்க வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். மார்புக்குள் அடைபட்ட காற்று அப்போது மூன்றில் ஒரு பங்கு விரிந்துவிடும், நடுவானில் குழாய் போட ஆளில்லை. விமான நிறுவனங்கள் சில இதைவிடக் கூடுதல் நாள் கேட்கின்றன, முன்கூட்டியே விசாரியுங்கள். கொடைக்கானல் போன்ற மலைப் பயணத்தையும் அதுவரை தள்ளிவையுங்கள். கடலுக்குள் முக்குளிக்கும் விளையாட்டு மட்டும் இனி எப்போதும் கூடாது. இரண்டு பக்கமும் அறுவைச் சிகிச்சை செய்து, அதன் பிறகு நுரையீரல் சோதனைகள் இயல்பாக வந்தவர்களுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு.

மறுபடியும் வருமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. முதன்முறை வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வருகிறது, அதிலும் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். அதைக் குறைக்கத் தம்பியின் கையில் இருக்கும் ஒரே வழி புகையை விடுவது. பீடி, சிகரெட், கஞ்சா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கசிவு ஐந்து நாளுக்கு மேல் நிற்காமல் போனாலோ, மறுபக்கத்திலும் வந்தாலோ, மறுபடியும் அதே பக்கத்தில் வந்தாலோ, விமானி போன்ற தொழிலில் இருந்தாலோ அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவோம். நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால், படத்தில் தழும்பு இருந்தாலோ, இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருந்தாலோ சளிப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

உங்களைப் பொறுத்தவரை, பெண்களுக்கு இது ஆண்களைவிடக் குறைவு. உயரமும் ஒல்லியும் மட்டும் இருந்தால் சோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ இன்னொருவருக்கும் இது வந்திருந்தால் பரம்பரைக் காரணங்களைத் தேடுவோம், சி.டி. ஸ்கேனும் எடுப்போம். மாதவிடாய் தொடங்குவதை ஒட்டிய ஓரிரு நாள்களில் வலப்பக்க மார்பில் வலியும் மூச்சுத்திணறலும் வரும் பெண்கள், அதைத் தனியாகக் குறிப்பிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருப்பை உள்சவ்வின் திசு உதரவிதானத்தில் பரவி இதே நோயை உண்டாக்குவதுண்டு, கேட்காவிட்டால் அதை நாங்களே தவறவிடுகிறோம்.

தோஹா நிறுவனத்துக்கு இப்போதே எழுதி, சேரும் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். பயணத்துக்கான தகுதிச் சான்றில், நுரையீரல் முழுதும் விரிந்ததைக் காட்டும் எக்ஸ்ரே எடுத்த தேதியையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிறுவனம் அந்தத் தேதியிலிருந்துதான் நாள்களைக் கணக்கிடும்.